பதினேழாம் மைல் பாலம்

அக்டோபர் 6

அண்ணாவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பும் காதும் எப்படி இருக்கின்றன? வருஷப் பிறப்புக்கு எழுதியதோடு சரி. இடையில் எழுத விஷயம் இல்லை. இப்போது ஒன்று இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எழுந்து வந்தால் மலைத்தலத்துக்கு வீட்டு வாசலிலிருந்து நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்து வந்துவிட்டாள். நான்தான் இன்னும் கிளம்பவில்லை. முதல் வருஷம் பென்ஷன் காகிதங்கள். இரண்டாம் வருஷம் மறந்ததுபோல் இருந்துவிட்டேன். இப்போது வலது முட்டி தேய்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மார்ச்சில் அறுவை சிகிச்சை. "அதுக்கப்புறம் கடைத்தெருவுக்குப் போகலாம், வரலாம். மலைக்கு நடக்கறதா இருந்தா அதுக்கு முன்னாடி ஒரு தடவை நடந்துக்குங்க. ஒரே தடவைதான், சொல்லிட்டேன்" என்றார். ஆகவே இந்தக் குளிர்காலத்தை விட்டால் இல்லை.

வரைபடத்தில் மூன்று கோடு இருக்கிறது. நெடுஞ்சாலை, ஆற்றுப் பாதை, கணவாய்ப் பாதை. முப்பத்துநான்கு வருஷம் தபால் பிரித்தவன் நான். எந்த ஊருக்கு அடுத்தது எந்த ஊர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இரண்டு ஊருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் மூன்று ரோட்டிலும் தார் போட்டவர். குளிரில் எது நடக்கிற ரோடு என்று, தொந்தரவு இல்லாவிட்டால், எழுதச் சொல்லுங்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி


அக்டோபர் 15

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

நான் சுகம். காது பழையபடிதான். போனில் கேட்டிருக்கலாமே என்று இந்த அம்மா கேட்கிறார். போனில் எனக்குக் கேட்பது என் மூச்சு மட்டும்தான். என் கடிதத்தையெல்லாம் ஏழு வருஷமாக எழுதித் தருகிறவர் கீழே தையல் கடை வைத்திருக்கும் இந்த அம்மாதான், உனக்குத் தெரியும். விளிம்பு மடித்துக்கொண்டே கேட்பார், பிறகு வாயில் இருக்கும் ஊசியை எடுத்துவிட்டு எழுதுவார். அதனால் நான் சொல்கிற வேகத்துக்கும் அவர் எழுதுகிற வேகத்துக்கும் நடுவில் ஒரு கால்சட்டை தைத்து முடிந்துவிடும். இதையும் எழுது என்றேன். எழுதிவிட்டார்.

உன் மனைவி எழுந்து நடமாடுவது சந்தோஷம்.

நெடுஞ்சாலை பதினாறு நாள். வேண்டாம். மூடுபனியில் லாரிக்காரனுக்கு நீ தெரியமாட்டாய். அவன் உனக்குத் தெரியும்போது ஒதுங்க நேரம் இருக்காது. அந்த ரோட்டில் ஒரே குளிர்காலத்தில் எங்கள் மேஸ்திரி இரண்டு பேரைத் தூக்கியதை நான் பார்த்தேன். இரண்டாமவர் கையில் இருந்த குடை விரித்தபடியே இருந்தது.

கணவாய் பன்னிரண்டு நாள், நூற்றுப்பன்னிரண்டு மைல். ஏற்றம்தான் அதிகம், இறக்கம் குறைவு. முட்டிக்கு ஏற்றம் பரவாயில்லை. டிசம்பர் முழுக்க நடக்கலாம். ஜனவரியில்தான் சில நாள் மூடுவார்கள்.

ஆற்றுப் பாதை இருபத்துமூன்று நாள். மேடு பள்ளம் கிடையாது. முதல் நாள் இரும்புக் கிடங்கைத் தாண்டினால் கரை வந்துவிடும். மூன்றாம் நாள் செங்கல் சூளை, அங்கே எப்போதும் ஒரு பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும், உட்காரலாம். ஆறாம் நாள் நெசவு ஆலை, வேலை விடும் சங்கு நாலு மணிக்கு. ஒன்பதாம் நாள் இரட்டை மதகு, அதன் அடியில் காற்று வராது. பன்னிரண்டாம் நாள் மரவாடி. பதினான்காம் நாள் நான் இருக்கும் தெரு. ரோட்டுக்கும் என் மாடிப்படிக்கும் நாற்பது அடி. தகவலுக்காகச் சொல்கிறேன். அதற்குமேல் ஒன்பது நாள்.

எந்தப் பாதை என்று யோசித்து எழுது. உன் மனைவிக்கு என் விசாரிப்பு.

அண்ணன்


அக்டோபர் 27

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். எழுதித் தந்த அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். அவருடைய கையெழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் தையல் போட்ட மாதிரி ஒரே இடைவெளியில் இருக்கிறது.

யோசித்துவிட்டேன். கணவாய். முட்டிக்குள் இத்தனை நாள் நடை மிச்சம் இருக்கிறது என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் இருபத்துமூன்றைவிடப் பன்னிரண்டு குறைவு என்பது எனக்கே தெரிகிறது. அவளும் அதைத்தான் சொல்கிறாள். "நான் எழுந்து வந்ததுக்கு நீங்க போய் விழுந்துடாதீங்க, குட்டை வழியாப் போங்க" என்றாள்.

டிசம்பர் முதல் தேதி கிளம்புகிறேன். கணவாய்ப் பாதையை மைல் மைலாக, வளைவு வளைவாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எங்கே தங்கலாம், எங்கே உறைபனி வழுக்கும், எங்கே தண்ணீர் கிடைக்கும் எல்லாம். வரைபடத்தைவிட உங்கள் ஞாபகத்தை நம்பித்தான் கிளம்புகிறேன். நம் வீட்டில் எப்போதுமே அப்படித்தானே. எந்த வருஷம் எந்த மாடு கன்று போட்டது என்று அப்பாவே உங்களைத்தான் கேட்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


நவம்பர் 3

அன்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். தையல்கார அம்மையாருக்குக் கை சுளுக்கிவிட்டபடியால், இக்கடிதம் எதிர்க்கடைக் கடிகாரம் பழுது பார்ப்பவரால் எழுதப்படுகிறது.

நிற்க. கணவாய்ப் பாதையில் பதினேழாம் மைலில் உள்ள பாலம் போன மழையில் உடைந்துவிட்டது. நடுத்தூண் இரண்டும் இல்லை. நடந்து போகிறவர்களுக்கும் வழி இல்லை. வசந்தத்துக்கு முன் கட்டமாட்டார்கள். என்னோடு ரோடு போட்ட பழைய கேங் ஆள் ஒருவர் வந்து நேரில் சொன்னார்.

ஆகவே ஆற்றுப் பாதையில் செல்வது உத்தமம்.

இப்படிக்கு,
அண்ணன்


நவம்பர் 21

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. பதினெட்டு நாள் ஆகிவிட்டது. நாங்கள் நலம்.

பாலம் இல்லை என்று நீங்கள் சொன்னால் இல்லை. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டேன். ஆற்றுப் பாதையிலேயே வருகிறேன். கிளம்புவது அதே டிசம்பர் முதல் தேதி.

அந்த அம்மாவின் கை எப்படி இருக்கிறது? சுளுக்கு என்றால் வெந்நீர் ஒற்றடம் நல்லது என்று அவள் சொல்லச் சொன்னாள்.

தம்பி


நவம்பர் 26

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

உன் கடிதம் நேற்று வந்தது. நான் சுகம். இந்த அம்மாவின் கை சரியாகிவிட்டது. ஒற்றட விஷயத்தை வாசித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

நேரம் குறைவாக இருக்கிறது, கவனமாகக் கேள். புது செருப்பு, புது பூட்ஸ் எதுவும் வேண்டாம். பழையதற்குள் செய்தித்தாளை மடித்து அடியில் வை. மதியம் ஒரு தடவை மாற்று. ஈரத்தாளோடு நடந்தால் விரல் மரத்துப்போகும். எதிரே வருகிற வண்டி கண்ணில் படுகிற ஓரத்திலேயே நட. காலை ஒன்பதுக்கு முன் கிளம்பாதே, கரையில் மூடுபனி அதற்கு முன் விலகாது. மதகின் மேல் எப்போதும் ரோட்டைவிடக் குளிர், இரட்டை மதகு தவிர எல்லாவற்றுக்கும் அடியில் காற்றோட்டம். ரோடு காய்ந்திருந்தாலும் மதகு மேல் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நட. மொத்தம் நாற்பத்தொரு மதகு. முப்பத்தாறு நான் வேலைக்கு வந்த பிறகு கட்டியவை, அவற்றை நம்பலாம்.

ஏழாம் நாள் ஒரு படகுத்துறை வரும். படகுக்காரர்கள், "கால் வலிக்கலையா, ஏறிக்கங்க பெரியவரே" என்பார்கள். வேண்டுதல் நடையென்று சொல். விட்டுவிடுவார்கள்.

முட்டி வலித்தால் அன்று நட, மறுநாள் உட்கார். வலிக்கிற அன்றே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. இது மேஸ்திரி சொன்னது, அவருக்கு எழுபது வயதுவரை முட்டி இருந்தது.

என் அறையில் ஒரு கட்டில்தான் இருந்தது. மரவாடியில் இன்னொன்று செய்யச் சொன்னேன். நேற்று வந்தது. பழையது ஆடிக்கொண்டிருந்தது, அதனால்தான். இந்த அம்மா எழுதிக்கொண்டே சிரிக்கிறார். எதற்கென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஆடற கட்டிலையும் இன்னும் தூக்கிப் போடலையே" என்கிறார். எழுத வேண்டாம் என்றும் சொன்னேன்.

பத்திரமாக வா.

அண்ணன்


டிசம்பர் 9
(அஞ்சலட்டை)

அண்ணாவுக்கு, ஒன்பதாம் நாள், இரட்டை மதகு. நீங்கள் சொன்னபடி அடியில் காற்று இல்லை. செங்கல் சூளையில் சுவர் இன்னமும் வெதுவெதுப்பு, ஆனால் நெசவு ஆலையில் இப்போது சங்கு ஊதுவதில்லை. கட்டடத்தில் பொருட்கிடங்கு. முட்டி வீங்குகிறது, இறங்குகிறது. மேஸ்திரி சொன்னபடி செய்கிறேன். உங்கள் தெருவுக்கு இரண்டு நாள் தாமதமாகலாம். தம்பி.


ஜனவரி 6

அண்ணாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஏழு மணி நேரம். பதினாறு நாள் நடந்த தூரத்தில் பாதியை ஜன்னலோரம் தூங்கியே கடந்துவிட்டேன்.

டாக்டர் பார்த்தார். திட்டினார். முட்டியில் கோத்திருந்த நீரை ஊசி போட்டு எடுத்தார். அறுவை சிகிச்சை மார்ச் நான்காம் தேதி. இனிமேல் நடையைப் பற்றிப் பேசவே கூடாது என்று அவளிடம் கையெழுத்து வாங்காத குறை. தலம் பாக்கி நிற்கிறது. ஒன்பது நாள் தூரத்தில் விட்டுவிட்டு வந்தேன். எழுத வேறு ஒன்றும் இல்லை.

பதினோரு நாள் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. தையல்கார அம்மாவுக்கும். அவர் வெட்டிய கால்சட்டைக் காலை அவள் இங்கே தைத்துவிட்டாள்.

தம்பி


ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

உடம்பு விசாரணையை இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

பதினேழாம் மைல் பாலம் உடையவில்லை. ஐந்து தூணும் நிற்கின்றன. பழைய கேங் ஆள் யாரும் வரவில்லை. கேங்கில் மிச்சம் இருப்பவன் நான் மட்டும்தான்.

அன்றைக்கு இந்த அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். உறை மேல் உன் முகவரியை எழுதி முடித்துவிட்டு, காகிதத்தை எடுத்து, பாலம் உடைந்தது என்று நான் சொன்னதும் பேனாவை மூடிவிட்டார். "பெரியவரே, என் வீட்டுக்காரர் முந்தாநாள்தான் அந்தப் பாலத்து மேல வண்டி ஓட்டிக்கிட்டு வந்தார். வாய் உங்களோடதுன்னாலும் கை என்னோடது. வேற ஆளைப் பாருங்க" என்றார். இன்றைக்கு இதை அவரே எழுதுகிறார். கடிகாரக்காரருக்கு எந்தப் பாலமும் தெரியாது. கேட்டதை எழுதினார்.

நீ வந்த நாளை நான் மறக்கவில்லை. பதின்மூன்றாம் தேதியிலிருந்தே கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். பதினாறாம் தேதி மூன்று மணிக்கு, கம்பை ஊன்றிக்கொண்டு, மரவாடிப் பக்கத்திலிருந்து வந்தாய். தாடி வைத்திருந்தாய். நடை அப்பாவின் நடை. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நடையைப் பார்த்துவிட்டேன்.

"என்ன, ரெண்டு நாள் லேட்டு?" என்றேன்.

"அண்ணன் வீடு தெரியாத தபால்காரன்னு சொன்னவர்தானே நீங்க, தேடி வர ரெண்டு நாள் ஆகாதா?" என்றாய்.

இந்த அம்மா சிரித்தார். அவருக்கு விஷயம் தெரியாது. நாம் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

நம் அம்மா காரியத்துக்கு நான் இரண்டு நாள் கழித்து வந்து நின்றேன். இருபது பேர் இருந்தார்கள். உன்னைப் பார்த்து, "உலகத்துத் தபாலையெல்லாம் வீடு சேர்க்கிற கைக்குச் சொந்த அண்ணன் வீடு மட்டும் தெரியலை" என்றேன். நான் அதற்கு நாலு மாசத்துக்கு முன்னால் முகாமிலிருந்து இந்தத் தெருவுக்கு மாறி வந்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. அப்போது எழுதித் தர ஆள் இல்லை. ஆளைத் தேடவும் இல்லை. உன் தந்தி பழைய முகாமுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. தப்பு என்னுடையது என்று அங்கே நின்றபோதே எனக்குத் தெரியும். பதினோரு வருஷமும் மூன்று மாசமும் ஆகிறது, இந்த டிசம்பர்வரை நாம் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று ஊர் மெச்சுகிறவனுக்கு, இதுவும் தினமும் ஞாபகம் இருந்தது.

வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டு நீ வராமல் போனால் அதற்குப் பிறகு அதுவும் ஞாபகத்தில் இருக்கும். பாலம் இல்லை என்று சொன்னால் நீயாக வருவாய். அவ்வளவுதான் யோசித்தேன். முட்டியை யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன். இருபத்துமூன்று நாள் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த அம்மா கத்தரியால் உன் கால்சட்டையைப் பிரித்தபோது முட்டி இருந்த இருப்பைப் பார்த்தேன். பிறகு பதினோரு நாள் நீ ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தலத்துக்கு நடந்து போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாய். சாயங்காலம், "இன்னைக்கு முப்பத்தெட்டு பேர்" என்பாய். ஏழாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டாய். நான் நாலு தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை தேநீர் ஆறிவிட்டது என்றேன். ஒரு தடவை ஜன்னலைச் சாத்தட்டுமா என்றேன். மற்ற இரண்டு தடவை கடை வாசலுக்கு இறங்கிப் போய்விட்டேன்.

நீ வேண்டிக்கொண்டதை நான் நடுவழியில் நிறுத்திவிட்டேன். ஒரே தடவைதான் என்று டாக்டர் சொன்ன அந்தத் தடவையை நான் எடுத்துக்கொண்டேன். மன்னிக்கச் சொல்லி எழுதவா என்று இந்த அம்மா கேட்கிறார். எழுத வேண்டாம் என்றேன். அது நீ முடிவு செய்ய வேண்டியது.

நான் சுகம். உன் முட்டி எப்படி இருக்கிறது?

அண்ணன்


பிப்ரவரி 3

அண்ணாவுக்கு,

முட்டி அப்படியே இருக்கிறது. ஆடாமல் வைத்திருந்தால் அதுவும் சும்மா இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள், "இதை இன்னும் அவருக்குச் சொல்லலையா நீங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

பாலம் நிற்கிறது என்று எனக்கு நவம்பரிலேயே தெரியும்.

உங்களுக்கு எழுத்து தெரியாது, அதனால் இது தோன்றியிருக்காது. ஒருவர் கையெழுத்து இன்னொருவர் கையெழுத்து மாதிரி இருக்காது, அண்ணா. முகம் மாதிரி அது. முப்பத்துநான்கு வருஷம் அந்த முகங்களைப் பார்த்துப் பிழைத்தவன் நான். நவம்பர் மூன்றாம் தேதிக் கடிதத்தில், உள்ளே வேறு ஆள் எழுத்து, கை சுளுக்கு என்ற செய்தி. உறை மேல் முகவரி அந்த அம்மாவின் எழுத்து. ஏழு வருஷமாகப் பார்க்கிற அதே தையல், அதே இடைவெளி. சுளுக்கிய கை உறையை மட்டும் எப்படி எழுதியது? அவர் எழுத மறுத்த ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

பாலத்தடியில் ஒரு சின்னத் தபால் ஆபீஸ் உண்டு. அங்கே இருப்பவர் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர். போன் செய்தேன். "பாலமா? சிக்னல் கிடைக்காம அது மேல நின்னுதான்யா கத்திக்கிட்டிருக்கேன், ஏன்?" என்றார்.

மூன்று நாள் கோபமாக இருந்தேன். கணவாய்க்குத்தான் போகிறேன் என்று மூட்டையும் கட்டிவிட்டேன். பிறகு நீங்கள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லையே என்று தோன்றியது. சின்ன வயதில் என்னோடு சேர்ந்து செய்த திருட்டைக்கூட நீங்கள்தான் போய் அப்பாவிடம் ஒப்பிப்பீர்கள், அதுவும் எத்தனை மணிக்கு என்று சேர்த்து. அப்பேர்ப்பட்டவர் எதற்குப் பொய் சொல்கிறார் என்று பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். கணவாய்க்கு நாலு வரி. ஆற்றுப் பாதைக்கு அரைப் பக்கம். ரோட்டுக்கும் மாடிப்படிக்கும் நாற்பது அடி. மறுபடியும் மறுபடியும் அதையே படித்துக்கொண்டிருந்தேன். பதில் எழுதப் பதினெட்டு நாள் ஆனது அதனால்தான்.

நானும் பஸ் ஏறி வந்திருக்கலாம். ஏழு மணி நேரம்தான். எனக்கும் கால் வரவில்லை. வேண்டுதல் வழியில் இருக்கிறது, அதனால் வந்தேன் என்றால் யாருக்கும் ஒன்றும் விளக்க வேண்டாம். ஆகவே நீங்கள் என்னைத் திருப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். இரண்டு பாதையும் திறந்திருக்கிறது என்று தெரிந்துதான் நடந்தேன். முட்டி தாங்கும் என்று நீங்கள் போட்ட தப்புக் கணக்கையே நானும் போட்டேன்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதமாட்டேன். இருபது பேர் முன்னால் சொன்னது இருபது பேர் முன்னால் சொன்னதுதான். தலத்துக்குப் போகாததும் உறுத்துகிறது. அவள் சொல்கிறாள், "நடக்கறேன்னு சொன்னீங்க, நடந்துட்டீங்க. யார் வாசல்ல போய் நின்னீங்கன்னு சாமி கேட்டா நான் பேசிக்கறேன்." அவள் பேசிக்கொள்வாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். அக்டோபரில் கேட்டதுதான். கணவாய்ப் பாதையை மைல் மைலாகச் சொல்லி எழுதுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை படுத்தபடியே போய்விட்டு வருகிறேன்.

தம்பி


பிப்ரவரி 13

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

உன் கடிதத்தை இந்த அம்மா இரண்டு தடவை வாசித்தார். உறை விஷயம் வந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். "அதை நான் கிழிச்சிருக்கணும், தோணவே இல்லை" என்றார். கடிகாரக்காரருக்குச் சொன்னோம். "என் கையெழுத்து அவ்வளவு மோசமா?" என்று கேட்கிறார்.

பாதையைச் சொல்கிறேன். மூன்று நாளாகச் சொல்லி எழுதியது இது. டிசம்பர் முதல் வாரம், காலை ஒன்பது என்று வைத்துக்கொள்.

முதல் எட்டு மைல் வயல். இரண்டு பக்கமும் நெல் அறுத்த தாள், அதன் மேல் வெள்ளையாக உறைபனி. வெயில் பட்டதும் ஆவி எழும்பும், பயப்படாதே. ஒன்பதாம் மைல்கல்லுக்குத் தலை இருக்காது. ரோலரைப் பின்னால் எடுக்கும்போது இடித்தது. ஓட்டியவர் மேஸ்திரி, பழி என் மேல். பதின்மூன்றில் கிணறு, தண்ணீர் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக வரும்.

பதினேழாம் மைல் பாலம். ஐந்து தூண். ஓரமாக நடக்காதே, கைப்பிடிச் சுவர் நிழலில் பத்து மணிவரை வழுக்கும். நடுவில் நட. தண்ணீர்ச் சத்தத்தில் நீ பேசுவது உனக்கே கேட்காது. எனக்குக் காது போனதே அங்கேதான் என்று கேங்கில் சொல்வார்கள். மூன்றாம் தூணுக்கு மேலே, இடது கைப்பக்கம் நின்றால் முதல் மலை தெரியும்.

இருபத்திரண்டில் எங்கள் முகாம். ஓட்டுக் கொட்டகை, உன் தந்தி வந்து கிடந்த இடம். தங்கலாம். இருபத்தொன்பதில் ஏற்றம் ஆரம்பம். நாற்பத்தொன்றிலிருந்து பத்தொன்பது வளைவு. வளைவில் உள்பக்கம் மதியம்வரை காயாது, வெளிப்பக்கமாகவே போ, பள்ளத்தைப் பார்க்காதே. பதினோராம் வளைவில் மணல் குவியல் இருக்கும், உறைந்த ரோட்டில் தூவ வைத்தது. இரண்டு கை அள்ளிப் பையில் போட்டுக்கொள். அடுத்த மூன்று வளைவுக்குத் தேவைப்படும்.

அறுபத்துமூன்று உச்சி. அங்கே உட்காரத் தோன்றும். உட்காராதே. காற்று வேர்வையைப் பிடித்துக்கொள்ளும். நின்றபடி நூறு எண்ணிவிட்டு இறங்கு. இறக்கம் எண்பத்திரண்டுவரை. உன் முட்டிக்கு அதுதான் கஷ்டம், பக்கவாட்டில் திரும்பி இறங்கு. நானும் கூடவே வருகிறேன், என் தோளைப் பிடித்துக்கொள். எண்பத்திரண்டில் யாத்திரைக்காரர்களுக்கென்று கூடாரம் போட்டிருப்பவர்கள் தேநீர் தருவார்கள், குடித்துவிட்டு ஒரு முழு நாள் படுத்திரு. பிறகு முப்பது மைலும் மெல்லிய ஏற்றம்தான், மரங்கள், சத்தமே இருக்காது, உன் கம்பு சத்தம் மட்டும்தான்.

நூற்றுப்பன்னிரண்டாம் கல் முழுதாக இருக்கும். நான் நட்டது. அங்கே தார் முடிகிறது. படி ஆரம்பம்.

எங்கள் வேலை அந்தக் கல்லோடு சரி. பத்தொன்பது வருஷம் அந்தப் படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன், ஒரு படி ஏறினதில்லை. மேலே என்ன இருக்கிறது என்று ஏறினவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அதை எடுத்து உனக்குச் சொல்லலாம், எனக்கு வரும். சொல்லமாட்டேன். பார்க்காததை ஒரு தடவை சொன்னது போதும்.

மார்ச் மூன்றாம் தேதி காலை பஸ்ஸில் ஏறுகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே வரும் என்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் ஆள் வேண்டுமோ அத்தனை நாள் இருக்கிறேன். பஸ் நிற்கிற இடத்துக்கு யாரையும் அனுப்பாதே, நீயும் வராதே. உன் முகவரியை இந்த அம்மா அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இறங்கின இடத்தில் யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

உன் மனைவிக்குச் சொல். கட்டில் வேண்டாம், தரையில் படுத்துப் பழக்கம்.

அண்ணன்